மொத்தம் எவ்வளவு ஆச்சு, மாமா?

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காபி டம்ளரோடு பின்பக்க ஷெட்டுக்குப் போனவன், பழைய டயர் மேல் உட்கார வைத்திருக்கும் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டான். “மாமா, இந்த எஸ்டீமுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு?”

என் பழைய மாருதி எஸ்டீம் காரை வேகமான வண்டியாக மாற்ற ஆன செலவைப் பற்றிப் பத்து வருடமாகப் பலர் கேட்ட கேள்விதான். ஆளுக்கு ஒரு விடை வைத்திருக்கிறேன். பெட்ரோல் பங்க் பையனுக்கு “ரெண்டு, ரெண்டரை ஆயிருக்கும்பா”. கார் பைத்தியம் பிடித்த நண்பர்களுக்கு நாலு லட்சம். மனைவிக்கு ஒன்றரை. அவள் அதை நம்பினாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இந்தப் பொய்யால் இதுவரை யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. ஆனால் இவன் சும்மா கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, மூன்று லட்சம் சேர்த்து வைத்திருக்கிறான், அவன் அப்பாவின் பழைய ஸ்விஃப்ட் இவன் கைக்கு வந்துவிட்டது. அதையும் இப்படி மாற்ற, நான் சொல்லும் தொகையை வைத்துத்தான் பட்ஜெட் போடப்போகிறான். “நாலு” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, “பார்த்துச் சொல்றேன்டா” என்று அனுப்பிவைத்தேன். அன்று ராத்திரி கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன்.

நாற்பது பக்க நோட்டு. முதல் வரி, 2014 ஆகஸ்ட்: எஸ்டீம், 2003 மாடல், வெள்ளை, 78,000. கடைசி வரி, 2019 மே: எஞ்சினை நம் இஷ்டப்படி செட்டிங் செய்ய உதவும் தனி ஈசியூ (எஞ்சினுக்கான கம்ப்யூட்டர்), 67,500. அதற்குக் கீழே கூட்டுத்தொகை 4,83,500. அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். பதினெட்டுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. செலவு நிற்காமல் தொடர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோவணத்துக்கு வந்த பூனை

இந்தக் கோயமுத்தூரில் பிறந்தவனுக்கு இந்த வேக நோய் காற்றிலேயே வரும். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட் பந்தயக் காரைக் குறைந்த செலவில் செய்துகாட்டிய கரிவரதன் கோயமுத்தூர்க்காரர். 1995இல் விமான விபத்தில் போய்ச்சேர்ந்த அவர் பெயரில்தான் செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதியில் தொடங்கி 2005இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். போதாக்குறைக்குத் தெருவுக்குத் தெரு லேத். மோட்டார் பம்ப்பால் பிழைக்கும் ஊரில் எந்த உதிரிபாகத்தையும் வரைந்து கொடுத்தால் சாயந்திரத்துக்குள் கடைந்து கொடுத்துவிடுவார்கள். செய்யவே முடியாது என்று யாராவது தடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இங்கே யாருமே அப்படிச் சொல்வதில்லை.

எஸ்டீமைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் எடை. ஆள் ஏறாமல் 900 கிலோவுக்குக் கீழே. அதே குடும்பத்தில் பிறந்த பழைய பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சின் 94 குதிரைத்திறன். “அப்படியே உட்கார்ந்துரும்” என்றார்கள். விபத்தில் நசுங்கிய ஒரு பலேனோவிலிருந்து எஞ்சின், கியர் பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்த்து 45,000க்கு வாங்கினேன். அது அப்படியே உட்காரவில்லை. மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைத்து, ஆக்ஸிலை மாற்றி உட்கார வைக்க 18,000. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது ஆயில் குடிக்கிறது. ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை என்று இன்னொரு 38,000.

கோவணத்தை எலி கடிக்கிறதே என்று பூனை வளர்த்த சந்நியாசி, பூனைக்குப் பால் வேண்டுமென்று மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, கடைசியில் குடும்பஸ்தன் ஆன கதை நமக்கெல்லாம் தெரியும். வேகமான வண்டி கட்டுவது அச்சு அசல் அதேதான். புது எஞ்சின் இழுத்த இழுப்பில் பழைய கிளட்ச் வழுக்கியது, கிளட்ச் மாற்றினேன். இழுவை கூடியதும் 13 அங்குல டயர் சத்தம் போட்டது; ரிம்மும் டயரும் மாற்றினேன். டயர் ரோட்டைப் பிடித்ததும் வளைவில் வண்டி சாய்ந்தது, சஸ்பென்ஷனுக்குப் போனேன். இதில் எதுவுமே ஆசைக்கு வாங்கியது இல்லை. ஒவ்வொன்றும் முந்தைய செலவு பெற்றுப்போட்ட பிள்ளை.

சஸ்பென்ஷன் கதையை மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். வெளிநாட்டில் ஒரு விற்பனையாளரிடம் 31,000 ரூபாய்க்கு ஒரு செட் பிடித்தேன். கப்பல் கூலி, சுங்க வரி, நடுவில் ஒருவருக்கு கிளியரிங் கட்டணம் என்று வீடு வந்து சேரும்போது 62,000. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதைச் சின்ன வயதில் படித்ததோடு சரி. அன்றுதான் ரசீதோடு புரிந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் முன்பக்க பிராக்கெட்டின் போல்ட் ஓட்டை 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. திருப்பி அனுப்பலாம் என்றார் விற்றவர், என் செலவில். கணபதியில் ஒரு லேத்தில் 600 ரூபாய்க்குச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். 62,000 எரிந்ததைவிட அந்த 600 கொடுத்தபோதுதான் வயிறு அதிகம் எரிந்தது. ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

என் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல். வண்டியை முதல் முறை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். பாராட்டுவார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். “வண்டி போறது கெடக்கட்டுங் தம்பி. நிக்கோணுமில்ல?” என்றார். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். நான் அதுவரை போவதற்கு மட்டுமே செலவு செய்திருந்தேன். பிரேக் 31,000. இந்த நோட்டிலேயே மனசு வலிக்காமல் எழுதிய ஒரே வரி அதுதான்.

பென்சில்

தனியார் கார்களுக்குப் பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. என் வண்டிக்கு 2018இல் அந்த நாள் வந்தது. வண்டியை ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தவேண்டும். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். எஞ்சின் எண்ணையும் பார்ப்பார்கள். என் ஆர்சியில் இருப்பது எஸ்டீமோடு வந்த 1.3 லிட்டர் எஞ்சினின் எண். அதனால் பலேனோ எஞ்சினை இறக்கி, மூலையில் சாக்குப் போட்டு வைத்திருந்த சொந்த எஞ்சினை ஏற்றி, காட்டி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினேன். 17,000. வண்டி ஒரு அங்குலம்கூட வேகமாகவில்லை. ஒரு தாளில் பென்சில் தேய்ப்பதற்கான கூலி அது.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியின் கட்டமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு: மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. என் வண்டியில் மாற்றங்களை எண்ண ஆரம்பித்துப் பதினொன்றில் நிறுத்திக்கொண்டேன். இன்சூரன்ஸும் அப்படித்தான். மாற்றியதைச் சொல்லாமல் கட்டும் பிரீமியம், ஒரு விபத்து நடந்தால் வெறும் காகிதம் ஆகிவிடலாம். இதெல்லாம் தெரிந்தேதான் செய்தேன். சட்டம் அநியாயம் என்று வாதாடப் போவதில்லை; பட்டறைகளில் ரோட்டுக்கு வரும் சில வெல்டிங்குகளைப் பார்த்தவன் அப்படி வாதாட மாட்டான். எனக்கு உறைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்த அந்த வாரம்தான் சென்னைக்கு பஸ் ஏறி, புதுப்பேட்டையில் டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவை, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமானை, 12,000க்கு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

களிம்பு

டர்போ ஏற்றிய பிறகு வண்டி எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டால் நான் ஏதோ திருந்தியவன் போலத் தோன்றும். 3,000 ஆர்பிஎம் வரை அது பழைய எஸ்டீம்தான், காய்கறி வாங்கப் போகும் கார். அதற்கு மேல் பானெட்டுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்கும். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து சீட்டோடு சேர்த்துத் தூக்கி எறிவதுபோல இருக்கும். திறனை அளக்கும் டைனோ மெஷினில் சக்கரத்தில் 131 குதிரைத்திறன் காட்டியது. விடிகாலை ஐந்தரைக்குச் செட்டிப்பாளையம் ரோட்டில் முதல் முறை அதை உணர்ந்தபோது தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு பதினோரு வாரம் நீடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடம் பக்கம் நாலாவது கியரில் மிதித்துக்கொண்டு போகும்போது, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். இரண்டு நொடி இருக்கும். காலை எடுத்துவிட்டேன். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கண்ணாடியில் நீலமாகப் புகை. பட்டறையில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தோம்: மற்ற மூன்று சிலிண்டரில் 170க்கு மேல், மூன்றாவதில் 60. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால், மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு பிஸ்கட் போல உடைந்திருந்தது. துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது.

டர்போ எஞ்சினில் காற்று அதிகம் போகும்போது பெட்ரோலும் அதே அளவில் கூடவேண்டும். குறைந்தால் சூடு ஏறி, பிளக் பற்றவைத்த தீ பரவி வந்து சேர்வதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். அந்தக் கூழாங்கல் சத்தம் அதுதான். சரி, ஏன் குறைந்தது? டியூன் செய்தவர், டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் என் பம்பைக் குறை சொன்னார். பம்ப் கொடுத்தவர் டியூனைக் குறை சொன்னார். நான் எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சந்தேகப்பட்டேன். மூவரும் மூன்று வாரம் வாட்ஸப்பில் சண்டை போட்டோம். இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினேன், நன்றாக இருந்தது. பம்பைக் கழற்றி வாளியில் பெட்ரோல் விட்டு ஓட்டிப் பார்த்தோம்; அதுவும் நன்றாக இருந்தது.

அண்ணன்தான் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து, பின் சீட்டைத் தூக்கச் சொன்னார். பம்பின் கனெக்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு, பம்பை ஓட விடச் சொன்னார். அதற்கென்று வெளியில் வைத்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட். பம்பில் 9.8. “கரண்டு வழியிலயே களவு போகுதுங் தம்பி” என்று சொல்லிவிட்டு, கதவோரம் தரைவிரிப்பை உரித்துக்கொண்டே முன்னால் போனார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜாயிண்ட். என்றைக்கோ யாரோ மழைத்தண்ணீர் புகுந்த வண்டியைப் பிரித்து, வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். டேப்பை உரித்தால் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. பத்துப் பன்னிரண்டு இழையில் உயிரோடு இருந்தது மூன்று இழை. அவர் நகத்தால் சுரண்டியதும் அதுவும் உதிர்ந்தது. பழைய எஞ்சின் கேட்ட பெட்ரோலுக்கு அந்த மூன்று இழை போதுமாக இருந்திருக்கிறது. புது எஞ்சின் முழு மிதியில் கேட்டபோது போதவில்லை.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ். மொத்தம் 350 ரூபாய். அரை மணி நேர வேலை. மறுபடி எஞ்சின் கட்ட, ஃபோர்ஜ்டு பிஸ்டன், கனெக்டிங் ராடு, போரிங், எல்லாம் சேர்த்து 1,62,000.

இன்றைக்கும் என்னை அரிப்பது அந்த ஒன்றரை லட்சம் இல்லை. ஐந்து வருடம் அந்த வயரின் மேல்தான் என் வலது கால் ஓய்வெடுத்தது. ஜொலிக்கும் சாமான்களையே வாங்கிக்கொண்டிருந்தேன்: அலுமினியம் இன்டர்கூலர், நீலக் குழாய், ஆங்கிலத்தில் பெயர் பொறித்த டப்பாக்கள். வண்டியை முழுதாகப் பிரித்து, பழையது எதுவோ அதைப் புதிதாக்கிவிட்டு அப்புறம் வேகத்துக்குப் போங்கள் என்று அண்ணன் முதல் நாளே சொன்னார். வயரிங், புஷ், பைப், ரப்பர், எல்லாம் சேர்த்து ஒரு இருபதாயிரம் ஆகும் என்றார். அதில் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லையே என்று தள்ளிப்போட்டேன். யாராவது பானெட்டைத் திறந்து பார்த்து “ஆஹா, என்ன வயர்!” என்று சொல்வார்களா?

எண்பத்தைந்து நிமிடம்

அப்புறம் கொரோனா, பட்டறை பூட்டு, பிஸ்டன் பார்சல் ஆறு மாதம் எங்கோ துறைமுகத்தில். 2021இல் வண்டி மறுபடி எழுந்தது. அடுத்து கியர் பாக்ஸ் போனது, 38,000. அதை விரிவாகச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது.

நோட்டில் எழுதாமல் விட்டதையெல்லாம் அன்று ராத்திரி எழுதினேன். பம்ப், இன்ஜெக்டர், டியூனிங், இரண்டாவது பிஸ்டன், கியர் பாக்ஸ், 2023இல் மறுபடி வந்த ஆர்சி புதுப்பிப்பு, சென்னைப் பயணங்கள், நடுரோட்டில் நின்றபோதெல்லாம் கட்டி இழுத்த கூலி, எஞ்சின் தூக்க வாங்கிய செயின் பிளாக். 9,20,000 வந்தது. 2015 அக்டோபரில் அபார்த் புன்டோ என்ற 145 குதிரைத்திறன் கார் நம் ஊரில் 9,95,000 ரூபாய் ஷோரூம் விலைக்கு வந்தது. வாரண்டியோடு, ஏசியோடு, சட்டத்துக்கு உட்பட்டு. அப்போது நான், “ரெடிமேட் வாங்குறவன் ரசிகனா?” என்று நண்பர்களிடம் பேசியது நினைவிருக்கிறது.

சரி, இத்தனைக்கும் எவ்வளவு நேரம் அந்த வேகத்தை அனுபவித்தேன் என்று கணக்குப் போட்டேன். தெருவில் முழு மிதி என்பது மூன்றாவது கியரில் அறுபதிலிருந்து நூற்றுப்பத்து வரைக்கும், ஐந்து நொடி. அதற்குள் முன்னால் லாரி வந்துவிடும், அல்லது பயம் வந்துவிடும். ஒரு தடவை மண் ரோட்டிலிருந்து பால் கேனோடு ஒரு எக்ஸ்எல் குறுக்கே வந்தது. பிரேக் 31,000 அன்று தன் விலையைக் காட்டியது, பத்தடி இடைவெளி இருக்கும்போது நின்றேன். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. வண்டியையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் பொது ரோட்டில் மிதிக்கக் கால் கூசியது. வாரம் ஒரு நாள், நாளுக்கு ஆறு தடவை, நூற்றிருபது வாரம்: ஒரு மணி நேரம். கரி டிராக்கில் மூன்று நாள், மொத்தம் அறுபது சுற்று, சுற்றுக்கு முழு மிதி இருபத்தைந்து நொடி: இருபத்தைந்து நிமிடம். ஆக எண்பத்தைந்து நிமிடம். நிமிடத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய் சொச்சம்.

2023இல் ஆர்சிக்காக 1.3 எஞ்சினை ஏற்றினேன், மறுபடி இறக்கவில்லை. திருந்திவிட்டேன் என்றில்லை, அண்ணன் முதுகு வலியால் பட்டறையை மூடிவிட்டார், இன்னொருவரிடம் கொடுக்க மனசு வரவில்லை. பெரிய எஞ்சின் ஷெட்டில் டயர் மேல் இருக்கிறது. சிலிண்டர் பிடித்துவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளக் ஓட்டையில் இரண்டு சொட்டு ஆயில் விட்டு, ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிடுகிறேன்.

மறுநாள் மருமகனுக்கு நோட்டையே கொடுத்தனுப்பினேன். படித்துவிட்டு பயந்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அடுத்த ஞாயிறு வந்தான். நான் கடைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால் கூடத்தில் என் மனைவியும் அவனும் நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் தொகைகளுக்குப் பக்கத்தில் அவன் பென்சிலால் ஒரு வரிசை எழுதியிருந்தான்.

“மாமா, இதுல பாதி நீங்க ரெண்டு தடவை செஞ்ச வேலை. ஒரே தடவையில ஒழுங்கா செஞ்சா நாலரையில முடிஞ்சிரும். அந்த டர்போ சும்மாதானே கெடக்குது, எவ்வளவுக்குக் குடுப்பீங்க?”

நான் மனைவி முகத்தைப் பார்க்காமல், “முதல்ல பம்ப் வயரை மாத்துடா” என்றேன்.

அவள் நோட்டின் கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாகப் புரட்டினாள். “வருஷா வருஷம் இன்சூரன்ஸ் நான்தானே கட்டுனேன்?” என்றாள். “அது எங்க இதுல?”